ரோசாவின் குலமுறை

வீட்டு முற்றத்தில் ஒரு ரோசாச் செடி பூத்துவிட்டால் அந்த வீட்டாரின் முகமும் சேர்ந்து மலரும். ஆனால் அம்மகிழ்ச்சி பல வீடுகளில் நெடுநாள் நிலைப்பதில்லை. நாற்றங்காலிலிருந்து வாங்கி வந்த செடி முதல் மாதம் பெரிய பூக்களைத் தருகிறது. அடுத்த மாதம் அதன் இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. மூன்றாம் மாதம் இலைகள் யாவும் உதிர்ந்து, முள்ளும் குச்சியுமாக அது நிற்கிறது. மண் சரியில்லை என்பார் ஒருவர். கைராசி இல்லை என்பார் மற்றொருவர். அந்தச் செடி யார் வீட்டுப் பிள்ளை என்பதை அறியாமல் வளர்த்ததே குறை என்று சொல்வார் அரியர். மாணவனின் குடும்பச் சூழலை அறிந்த ஆசிரியர் அவனுக்குப் பாடம் சொல்லும் முறையையும் அறிவார். அதுபோல ரோசாவின் முன்னோரை அறிந்தவர்க்கே அதனை வளர்க்கும் வழி விளங்கும்.

இன்று வீட்டுத் தோட்டங்களில் காணப்படும் பெரிய பூ ரோசாக்களுள் பெரும்பாலானவை 'ஹைப்ரிட் டீ' எனும் கலப்பினத்தைச் சேர்ந்தவை. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூவைத் தாங்குவதும், அதன் மொட்டு கூம்பு வடிவில் நிமிர்ந்து, இதழ்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விரிவதும், ஆண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் பூப்பதும் இவ்வினத்தின் இயல்புகளாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன 99 மலர்களுள் ரோசாவுக்கு இடமில்லை. உலக அளவிலும் இக்கலப்பினம் பழமையானது அன்று. அது பிறந்து இரு நூற்றாண்டுகள்கூட நிறையவில்லை. கிழக்கும் மேற்கும் கலந்து பெற்ற பிள்ளை அது.

ஐரோப்பாவின் பழைய ரோசாக்கள் குளிரைத் தாங்கும் உடல்வலியும் இனிய மணமும் உடையவை. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை கோடையில் ஒருமுறை பூத்துவிட்டு, அடுத்த கோடை வரை ஓய்ந்திருக்கும். சீனத்து மக்கள் தம் தோட்டங்களில் வளர்த்துவந்த ரோசாக்களோ ஓய்வின்றிப் பூத்தன. பூப்பதை அடக்கி வைக்கும் மரபணு ஒன்று அவற்றில் செயலிழந்து போனதே இதற்குக் காரணம் என்பதை 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு விளக்கியது. அக்காரணம் அறியாத காலத்திலேயே அச்செடிகளின் அருமையை ஐரோப்பியர் உணர்ந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நான்கு சீன ரோசாக்கள் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தன. அவற்றுள் இரண்டு 'டீ ரோசா' எனப் பெயர் பெற்றன. ஒன்று 1809இல் வந்த வெளிர் சிவப்பு வகை. மற்றொன்று இலண்டன் தோட்டக்கலைச் சங்கம் அனுப்பிய ஜான் பார்க்ஸ் என்பார் 1824இல் கொணர்ந்த வெளிர் மஞ்சள் வகை. அவற்றின் மணம் தேயிலையின் மணத்தை ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர்.

சீன வகைகளும் ஐரோப்பிய வகைகளும் கலந்த பின்னர், பிரான்சு நாட்டின் லியோன் நகரம் ரோசா வளர்ப்பின் தலைநகராயிற்று. அந்நகரத்தவரான ஜான் பாப்டிஸ்ட் கியோ, 1867ஆம் ஆண்டில் 'லா பிரான்சு' என்னும் ரோசாவை வெளியிட்டார். வெள்ளி பூசியது போன்ற இளஞ்சிவப்பு நிறமும் அடுக்கடுக்கான இதழ்களும் கொண்ட அம்மலரே முதல் 'ஹைப்ரிட் டீ' என இன்று போற்றப்படுகிறது. ஆயினும் அதன் பெற்றோர் இவை என்று கியோவாலேயே உறுதியாகச் சொல்ல இயலவில்லை. காற்றும் தேனீயும் மகரந்தம் சேர்க்க, தாமாக உருவான விதைகளை விதைத்து, முளைத்தவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பதே அக்கால வழக்கம். மேலும், ரோசாவின் டீ வகைகளுக்கு 14 குரோமோசோம்களும் ஐரோப்பியக் கலப்பு வகைகளுக்கு 28 குரோமோசோம்களும் உண்டு. இடைப்பட்டுப் பிறந்த 'லா பிரான்சு'வுக்கு 21 குரோமோசோம்களே வாய்த்தன. அவை இணையிணையாகப் பிரிய இயலாமையால் அச்செடி பெரும்பாலும் மலடாகவே நின்றது. புதிய குலத்தின் முதல் மகளால் அக்குலத்தை வளர்க்க முடியவில்லை.

குலத்தை வளர்த்தவர் ஓர் ஆங்கிலேய உழவர். வில்ட்ஷயர் மாவட்டத்தில் குத்தகை நிலத்தில் பயிர் செய்தும் மாடு வளர்த்தும் வந்த ஹென்றி பென்னட், 1870களின் தொடக்கத்தில் பிரான்சுக்குச் சென்று அங்குள்ள ரோசாத் தோட்டங்களைப் பார்வையிட்டார். நல்ல கன்று வேண்டுவோர் தாயையும் தந்தையையும் ஆய்ந்து தேர்ந்தெடுப்பது மாட்டுப் பண்ணையின் அடிப்படைப் பாடம். அப்பாடத்தை ரோசாவுக்கு ஏன் பயன்படுத்தவில்லை என்று அவர் எண்ணினார். ஊர் திரும்பியவர், வெப்பமூட்டிய கண்ணாடிக் குடிலில் செடிகளை வைத்து, தம் கையாலேயே மகரந்தம் சேர்த்து, ஒவ்வொரு செடியின் தாய் தந்தையரையும் குறித்து வைத்தார். 1879ஆம் ஆண்டில் குலமுறை அறிந்த பத்துப் புதிய ரோசாக்களை அவர் வெளியிட்டார். மறு ஆண்டே லியோன் தோட்டக்கலைச் சங்கத்தார் இவ்வினத்துக்கு 'ஹைப்ரிட் டீ' என்னும் பொருள்படப் பிரெஞ்சு மொழியில் பெயர் சூட்டினர். ஆனால் பென்னட்டின் சொந்த நாட்டு ரோசாச் சங்கம் அதனைத் தனி இனமாக ஏற்றது 1893இல்தான். பென்னட் 1890இலேயே மறைந்துவிட்டார். விதைத்தவன் எல்லாம் அறுவடையைக் காண்பதில்லை.

இந்நிலையில் ரோசாத் தோட்டத்தில் ஒரு நிறம் மட்டும் குறைவாகவே இருந்தது. அடர்ந்த பொன்மஞ்சள் நிறப் பூ இக்கலப்பினத்தில் இல்லை. அந்நிறம் பாரசீகத்திலிருந்து 1830களில் இங்கிலாந்துக்கு வந்த ஒரு மஞ்சள் ரோசாவிடம் இருந்தது. அச்செடியோ எளிதில் பிறவற்றுடன் கலவாதது. லியோன் நகர ஜோசப் பெர்னே துஷே 1880களில் தொடங்கி ஆண்டுதோறும் முயன்றார். பெரும்பாலான முயற்சிகள் விதையின்றியே முடிந்தன. இறுதியில் 1900ஆம் ஆண்டில் 'பொன் ஞாயிறு' எனப் பொருள்படும் 'சொலேய் தோர்' என்னும் ரோசாவை உலகுக்கு அளித்தார். இன்று காணும் மஞ்சள், செம்மஞ்சள், தீ நிற ரோசாக்களுள் மிகப் பலவற்றுக்கு அதுவே மூதாதை.

வரம் வந்த வழியில் சாபமும் வந்தது. பாரசீக ரோசா, கரும்புள்ளி நோய்க்கு மிக எளிதில் இரையாகும் இயல்புடையது. நிறத்தோடு அப்பலவீனமும் வழிவழியாக இறங்கிவிட்டது. தோட்டக்காரர்க்கு நேர்ந்த துன்பம் இது. பெர்னே துஷேக்கு நேர்ந்த துன்பமோ அளவிடற்கரியது. தம் தொழிலைத் தொடர்வர் என நம்பியிருந்த குளோடியஸ், ஜார்ஜ் என்னும் இரு மைந்தரையும் அவர் முதல் உலகப் போரில் பறிகொடுத்தார். 1920இல் வெளியிட்ட மஞ்சள் ரோசாவுக்குக் 'குளோடியஸ் பெர்னேயின் நினைவு' என்றும், 1921இல் வெளியிட்ட மற்றொன்றுக்கு 'ஜார்ஜ் பெர்னேயின் நினைவு' என்றும் பெயரிட்டார். பிள்ளைகளுக்குக் கல்லில் நினைவிடம் எழுப்புவோர் உண்டு. அவர் உயிருள்ள செடியில் எழுப்பினார்.

அந்நினைவு வீண்போகவில்லை. லியோன் வட்டாரத்திலேயே ரோசா வளர்த்து வந்த இளைஞரான பிரான்சிஸ் மெய்யான், 1935ஆம் ஆண்டில் கலந்து எடுத்த நாற்றுகளுள் ஒன்று, மஞ்சள் இதழ்களின் ஓரத்தில் இளஞ்சிவப்புப் படர்ந்த பெரும் பூவைத் தந்தது. அதற்கு அவர் குறித்துவைத்த முன்னோர் வரிசையில் 'குளோடியஸ் பெர்னேயின் நினைவு' ரோசாவும் இடம்பெற்றுள்ளது. இரண்டாம் உலகப் போர் சூழ்ந்த காலத்தில் அதன் மொட்டுக் குச்சிகள் ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நாற்றங்கால்களுக்குப் போய்ச் சேர்ந்தன. போரினால் தொடர்பு அறுந்துபோகவே, ஒவ்வொரு நாட்டிலும் அது ஒவ்வொரு பெயரில் வளர்ந்தது. பிரான்சில் மெய்யான் தம் தாயாரின் நினைவாகப் பெயரிட்டார். அமெரிக்காவில், 1945 ஏப்ரல் 29ஆம் நாள், பெர்லின் நகரப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அதற்கு 'அமைதி' எனப் பொருள்படும் 'பீஸ்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பை நிறுவ அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பேராளர்களுக்கு அப்பூ ஒவ்வொன்று வழங்கப்பட்டது. ஒரு போரில் மாண்ட மகனின் பெயர் தாங்கிய செடியின் வழியில், மறு போரின் முடிவில் 'அமைதி' பூத்தது எனலாம். 1976இல் உலக ரோசாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதனை உலகின் விருப்ப ரோசாவாகத் தேர்ந்தெடுத்தது.

இவ்வரலாற்றை அறிந்தவர் தம் வீட்டு ரோசாவை இனி வேறு கண்ணால் காண்பர். அது ஓய்வின்றிப் பூப்பது சீனத்துத் தாய் தந்த இயல்பு. இடைவிடாது உழைப்பவனுக்கு இடைவிடாது உணவு வேண்டும். ஆதலின் மக்கிய சாணமோ தழையுரமோ சிறுகச் சிறுகத் தொடர்ந்து இடுதல் வேண்டும். புதிதாகத் துளிர்க்கும் கிளையிலேயே பூ வருவதால், வாடிய பூவை ஐந்து சிற்றிலைகள் கொண்ட நல்ல இலைக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். வெளிப்புறம் நோக்கிய கணுவுக்கு மேலே வெட்டினால் செடியின் நடுப்பகுதி நெருங்காமல் காற்றோட்டம் பெறும். குளிர் நாடுகளில் உறைபனிக் காலத்தின் இறுதியில் செடியைக் குட்டையாக வெட்டுவர். மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் செடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. இங்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் அளவாகக் கழிப்பதே தக்கது.

டீ வகையின் வழிவந்தமையால் வெப்ப நாடு அதற்கு முற்றிலும் அயலன்று. ஐரோப்பிய முன்னோரின் இரத்தமோ குளிர்ந்த இரவை நாடுகிறது. கேமரன் மலையில் ரோசா பெருத்துப் பூப்பதும், தாழ்நிலத்தில் அதே வகை சிறுத்து விரைவில் விரிந்துவிடுவதும் இதனால்தான். தாழ்நிலத்தார் காலை வெயில் நன்றாக விழும் இடத்தைத் தேர்ந்து, நண்பகல் வெப்பம் வேரைத் தாக்காதவாறு மண்ணைக் காய்ந்த தழையால் மூடிவைத்தல் நலம்.

கரும்புள்ளி பாரசீகத்துச் சொத்து. அந்நோய்ப் பூஞ்சையின் வித்துகள் இலைக்குள் நுழைய இலைப்பரப்பு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் செடியின் தலையில் நீர் ஊற்றுவோர் அந்த ஏழு மணி நேரத்தைத் தம் கையாலேயே நோய்க்கு வழங்கிவிடுகின்றனர். காலையில், அடிமண்ணில் மட்டும் நீர் ஊற்றினால் நோயின் வலிமை குறையும். செடிகளை இடைவெளி விட்டு வைத்தலும், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தலும் மருந்துக்கு முந்திய மருந்தாகும்.

இன்னும் ஒரு முன்னோர் மண்ணுக்குள் மறைந்திருக்கிறார். நாற்றங்காலில் வாங்கும் கலப்பின ரோசா பெரும்பாலும் வலிய காட்டு ரோசாவின் வேரின்மீது ஒட்டுக் கட்டப்பட்டதாகும். காட்டு ரோசாவின் விதை நாற்றில் ஒட்டும் முறையைப் பரப்பியவர்களுள் அந்த லியோன் நகரக் கியோவும் ஒருவர். ரப்பர்த் தோட்டங்களில் ஒட்டுக் கட்டும் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இம்முறை புதிதன்று. ஒட்டுக்குக் கீழேயிருந்து எழும் தளிர் காட்டு ரோசாவினுடையது. அது செழிப்பாக வளர்வதைக் கண்டு மகிழ்ந்து விட்டுவிட்டால், சில மாதங்களில் மேலே உள்ள நல்ல ரோசா உணவின்றி மெலிந்து மடியும். அத்தளிரை மேலாக நறுக்கினால் மீண்டும் துளிர்க்கும். மண்ணை விலக்கி, அது புறப்படும் இடத்திலேயே பிடுங்கி எடுத்தல் வேண்டும்.

சீனத் தோட்டக்காரர்கள், லியோன் நகரத்தார், மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஓர் உழவர், மைந்தரை இழந்த ஒரு தந்தை எனப் பலரின் கைகள் மாறி வந்த செடி இன்று வீட்டு முற்றத்துத் தொட்டியில் நிற்கிறது. பள்ளித் தோட்டத்தில் ஒரு ரோசாவை நட்டு, அதன் பெயரையும் முன்னோரையும் ஏட்டில் எழுதச் செய்தால், மாணவர்க்கு வரலாறும் நிலநூலும் உயிரியலும் ஒரே செடியில் கற்கக் கிடைக்கும். அதற்கு வேண்டியவை பென்னட்டிடம் இருந்தவையே: கூர்ந்து நோக்கும் கண்ணும், நோக்கியதைக் குறித்து வைக்கும் பழக்கமும், அடுத்த பூவுக்குக் காத்திருக்கும் பொறுமையும் ஆகும்.