இணை ஓட்டுநர் முறையும் பெண்களின் பணிப் பாதுகாப்பும்

அமெரிக்காவின் நெடுந்தொலைவுச் சரக்குப் போக்குவரத்தில் ஒரே லாரியை இருவர் மாறி மாறி ஓட்டுவது இணை ஓட்டுநர் முறை எனப்படும். சரக்கு லாரி ஓட்டுபவர், தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பின் அதிகபட்சம் 11 மணி நேரமே ஓட்டலாம் என்பது அந்நாட்டு விதி. இருவர் இருந்தால், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னுள்ள படுக்கையில் உறங்கலாம். வண்டி நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. இதனால் கேபினே பணியிடமாகவும் படுக்கையறையாகவும் ஆகிறது. புதியவர்களுக்கான பயிற்சியும் பல நிறுவனங்களில் இம்முறையிலேயே நடைபெறுகிறது. ஓட்டுநர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், பயிற்சிக்கு வரும் பெண்கள் அறிமுகமற்ற ஆணுடன் வாரக்கணக்கில் வண்டியிலேயே தங்க நேர்ந்தது.

சட்டப் பின்னணி

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், வேலைவாய்ப்பில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. பாலியல் தொந்தரவும் இத்தடைக்குள் அடங்கும் என 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொந்தரவு செய்தவர் மேலதிகாரியா, சக ஊழியரா என்பதைப் பொறுத்து நிறுவனத்தின் பொறுப்பு மாறுபடும்.

அயோவா வழக்கு

அயோவா மாநிலத்தைச் சேர்ந்த சி.ஆர்.எஸ்.டி. நிறுவனத்தின் மீது சம வேலைவாய்ப்பு ஆணையம் 2007இல் வழக்குத் தொடுத்தது. ஏறத்தாழ 270 பெண்களின் சார்பில் குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டன. அந்நிறுவனத்தில் 28 நாள் பயணத்தின் முடிவில், பயிற்சி பெற்றவரை மதிப்பிடுபவர் உடன் சென்ற மூத்த ஓட்டுநரே. எனினும், வேலையில் அமர்த்தவோ நீக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்பதால் அவர் மேலதிகாரி ஆகமாட்டார் என 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஆகவே, தொந்தரவை நிறுவனம் அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலும், தக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்பதை நிறுவ வேண்டியதாயிற்று. சாட்சியே இல்லாத கேபினில் இது எளிதன்று.

67 பெண்களின் கோரிக்கைகள் உண்மை ஆராயப்படாமலேயே தள்ளுபடியாயின. வழக்குக்கு முன் ஆணையம் அவற்றைத் தனித்தனியே விசாரித்துச் சமரசத்துக்கு முயலவில்லை என்பதே காரணம். இவ்வாறு வென்ற நிறுவனமும் வழக்குச் செலவு கோரலாம் என 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

பிரித்துவைக்கும் தீர்வு

மிசௌரியின் நியூ பிரைம் நிறுவனம், முந்தைய தொந்தரவு வழக்கொன்றைச் சமரசமாக முடித்தபின், 2004இல் பெண்களுக்குப் பெண்களே பயிற்சியளிக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. பெண் பயிற்சியாளர்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆண்கள் உடனே பயிற்சிக்குச் செல்ல, பெண்கள் பல மாதங்கள் காத்திருந்தனர். சிலருக்கு வேலையே கிடைக்கவில்லை. இவ்விதி சட்டவிரோதப் பாகுபாடு என 2014இல் நீதிமன்றம் அறிவித்தது. 2016இல் நிறுவனம் 31 லட்சம் டாலருக்கு மேல் வழங்க ஒப்புக்கொண்டது. பாதுகாப்பின் பெயரால் பெண்களின் வேலைவாய்ப்பைக் குறைக்கக்கூடாது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

பிற்கால நடவடிக்கை

லாரி ஓட்டுநர்களில் பெண்கள் 6.6 விழுக்காடு மட்டுமே என்று 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் குறிப்பிட்டது. இத்துறையில் பெண்களுக்கான பயிற்சி, வழிகாட்டல் ஆகியவற்றை ஆராய ஓர் ஆலோசனைக் குழுவை அமைக்கவும் அச்சட்டம் வகைசெய்தது. பெண்களின் எண்ணிக்கையை உயர்த்துவதும் அவர்களின் பாதுகாப்பும் பிரிக்கமுடியாதவை என்பதை முந்தைய வழக்குகள் காட்டியிருந்தன.