வீடு கிடைத்தால் மட்டும் போதுமா?
சிங்கப்பூர் அடுக்குமாடிகள் நமக்குச் சொல்லும் வரலாறு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம்மூர்ப் பழமொழி. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இதன் அருமை மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாகவே தெரியும். வேலை கிடைத்த பிறகும் வீடு கிடைக்காமல் அலைந்த கதை, நம் சங்கத்தில் ஏறத்தாழ எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். கையில் பணம் போதவில்லை என்பது ஒரு வகைக் கதை. பணம் இருந்தும், "நீங்க எந்த ஊர்க்காரங்க, என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்பது இன்னொரு வகை. முதலாவது விலைப் பிரச்சினை. இரண்டாவது சமத்துவப் பிரச்சினை.

இந்த இரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். "மலிவு விலையில் நிறைய வீடு கட்டிவிட்டால் இந்தப் பாகுபாடெல்லாம் தானாகப் போய்விடும்" என்று நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படித்தானா என்று பார்க்க ஒரு நாட்டின் வரலாறு நம் கண்முன்னே இருக்கிறது. அதுதான் சிங்கப்பூர். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. உலகில் மிக அதிகமாகப் பொது வீடுகள் கட்டிய நாடுகளில் அதுவும் ஒன்று. வீட்டுக் கொள்கையில் இனச் சமத்துவத்தைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த நாடும் அதுவே. அந்தக் கதையில் நம்மவர்களுக்கும் பங்குண்டு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோடு போட்டுப் பிரித்த காலம்

1819இல் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், 1822இல் ஒரு நகரத் திட்டம் வகுத்தார். லெஃப்டினன்ட் ஜாக்சன் என்பவர் வரைந்ததால் அது ஜாக்சன் திட்டம் என்று பெயர் பெற்றது. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று அந்த வரைபடம் பிரித்தது. ஐரோப்பியருக்கு ஒரு நகரம், சீனருக்கு ஒரு கம்பம், அரபியருக்கு ஒன்று, பூகிஸ் மக்களுக்கு ஒன்று. சிங்கப்பூர் ஆற்றை ஒட்டி 'சூலியா கம்பம்' என்று ஒரு பகுதியும் அதில் உண்டு. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களையும், பொதுவாகத் தென்னிந்தியரையும் குறித்த சொல். இன்றும் அந்த நகரின் நடுவே சூலியா தெரு இருக்கிறது.

பிறகு வேலைக்குத் தக்கபடி நம்மவர்கள் வேறு இடங்களிலும் கூடினார்கள். மாட்டு வியாபாரம் நடந்த சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கூட்டம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் அங்குள்ள தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்தார்கள். அவரவர் இனம் அவரவர் இடத்தில் என்பதே ஒன்றரை நூற்றாண்டுக்கு வழக்கமாக இருந்தது.

தீக்குப் பிறகு எழுந்த வீடுகள்

1927இல் ஆங்கிலேய அரசு சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் இயங்கிய அந்த அமைப்பு கட்டியவை சுமார் 23,000 வீடுகள்தான். ஜனத்தொகையோ பல மடங்கு பெருகிவிட்டது. ஒரே கடைவீட்டின் மாடியைப் பலகை வைத்துத் தடுத்து, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. நகரின் ஓரங்களில் அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசைகள் நெருக்கியடித்து நின்றன.

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான். மறு ஆண்டு, 1961 மே 25ஆம் தேதி, புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பற்றிய தீ சுமார் 16,000 பேரை ஒரே நாளில் தெருவில் நிறுத்தியது. அந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழும்பின. முதல் ஐந்து ஆண்டுகளில் கழகம் கட்டிய வீடுகள் 50,000க்கும் மேல்.

இது எப்படி முடிந்தது? இரண்டு காரணங்களை முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலாவது நிலம். 1966இல் கொண்டுவந்த நில எடுப்புச் சட்டம் அரசுக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது. நிலச் சொந்தக்காரர்கள் பலருக்குச் சந்தை விலை கிடைக்கவில்லை என்ற மனக்குறை இருந்தது உண்மை. இரண்டாவது பணம். 1964இல் வீட்டை வாடகைக்கு விடுவதோடு நில்லாமல், 99 ஆண்டுக் குத்தகையில் சொந்தமாகவே விற்கும் திட்டம் வந்தது. 1968 முதல், நம்மூர் பி.எஃப். போன்ற மத்திய சேம நிதிப் பணத்தை எடுத்து வீட்டுக்குக் கட்டலாம் என்றார்கள். மாதச் சம்பளக்காரனும் துறைமுகக் கூலியும் கைச்சம்பளத்தை அதிகம் தொடாமலேயே வீட்டுக்காரர்கள் ஆனார்கள். இன்று அந்நாட்டு மக்களில் முக்கால்வாசிக்கும் மேல் கழக வீடுகளில்தான் வாழ்கிறார்கள்.

ஆக, விலைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. சமத்துவப் பிரச்சினையும் கூடவே தீர்ந்ததா?

மலிவு வீடு வந்தும் கலப்பு வரவில்லை

1964இல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே நடந்த இனக் கலவரங்களை அந்த நாடு மறக்கவில்லை. எல்லா இனத்தாரும் ஒரே மாடிப்படி ஏறி இறங்கட்டும் என்ற எண்ணம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. ஆனால் 1971 முதல் வீட்டை வெளிச்சந்தையில் மறுவிற்பனை செய்யலாம் என்று ஆனதும், மக்கள் தங்கள் விருப்பப்படி இடம் மாறினார்கள். 1980களில் பார்த்தால் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள், ஈசூனில் இந்தியர்கள் என்று பழைய வரைபடம் புதிய காங்கிரீட்டில் மறுபடி தலைகாட்டியது. யாரும் யாரையும் விரட்டவில்லை. சொந்தக்காரன் பக்கத்தில் இருக்கணும், கோயிலோ பள்ளிவாசலோ நடந்து போகும் தூரத்தில் இருக்கணும் என்பது மனித இயல்புதானே.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. அங்கே அரசாங்கமே பிரித்தது. 1930களில் வீட்டுக் கடனுக்காக அரசு அமைப்பு ஒன்று வரைந்த வரைபடங்களில், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கு 'ஆபத்து' என்று சிவப்பு நிறம் பூசினார்கள். அங்கே வீடு வாங்கக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்து வீட்டில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் சொத்துச் சேர்க்கும் வாய்ப்பை அந்த மக்கள் இழந்திருந்தார்கள். அமெரிக்கச் சட்டம் 'மறுக்காதே' என்றது. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி போய், 'கலந்து வாழ்' என்றது.

1989 மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன், தமிழ் வம்சாவளியினர். ஒவ்வொரு பேட்டைக்கும், ஒவ்வொரு பிளாக்குக்கும் இனவாரியாக உச்சவரம்பு வைத்தார்கள். சீனருக்குப் பேட்டையில் 84 சதவீதம், பிளாக்கில் 87. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியருக்கும் பிறருக்கும் 10, 13. இந்தக் கடைசி வரம்பு 2010இல் 12, 15 என உயர்ந்தது. வரம்பு நிரம்பிவிட்டால், அந்த இனத்தார் அங்கே தம் இனத்தாரிடமிருந்து மட்டுமே வீடு வாங்கலாம்.

இதனால் பலன் உண்டு. ஒரே மின்தூக்கி, ஒரே சந்தை, ஒரே விளையாட்டு மைதானம் என்று பிள்ளைகள் கலந்து வளர்கிறார்கள். 'இந்தியர் பேட்டை' என்று முத்திரை குத்தப்பட்டு, பிறகு கவனிப்பாரின்றிப் போகும் இடம் எதுவும் அங்கே உருவாகவில்லை.

விலையை யார் கொடுப்பது?

ஆனால் இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிளாக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு தமிழர் தம் வீட்டை விற்க வேண்டும். சீனர் ஒருவர் நல்ல விலை தர முன்வந்தாலும் அவருக்கு விற்க முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 சதவீதம், மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. வாங்கக்கூடியவர்களில் நாலில் மூன்று பங்கு ஒரேயடியாகப் போய்விட்டால், விலை இறங்கத்தானே செய்யும்? அதே நிலையில் உள்ள சீன வீட்டுக்காரர் சீனருக்கே விற்கலாம், அவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. விதி எல்லா இனத்துக்கும் பொதுவாக எழுதப்பட்டது. பாரம் மட்டும் சிறுபான்மையினர் தலையில் கூடுதலாக இறங்கியது.

இதை அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2021இல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுப்பினார்கள். 2022 மார்ச்சில்தான், இப்படி விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. கொள்கை பிறந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. தனியார் வாடகையிலோ இந்தக் கொள்கை கைகொடுக்கவில்லை. 'இந்தியர்களுக்கு இல்லை' என்ற வாடகை விளம்பரங்கள் 2014 வாக்கில் உலகச் செய்தியாயின.

நம் நாட்டில்

இங்கே நிலைமை என்ன? அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சாதி, மதம், இனம், பிறந்த இடம் பார்த்துக் குடிமகனிடம் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தனியாரும் மறுக்கக் கூடாதவை என்று கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எல்லாவற்றையும் பட்டியலிடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2005இல், அகமதாபாத்தின் பார்ஸி கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று பார்ஸிகளை மட்டுமே உறுப்பினராக்கலாம் என்ற அதன் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா போன்ற திட்டங்கள் விலைப் பக்கத்தைப் பார்க்கின்றன. பக்கத்து வீட்டில் யார் இருக்கலாம் என்ற கேள்வியை அவை தொடுவதில்லை.

1990களில் மும்பையில் நான் வீடு தேடியபோது முன்பணம் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன். "மதராஸியா? மீன் சமைப்பீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. என் சம்பளம் எவ்வளவு என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை!

கலந்து குடியமர்த்தும் முயற்சி தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. சுடுகாடும் பொதுதான். ஊர் வேறு, சேரி வேறு என்று வாழ்ந்த மண்ணில் இது சின்ன விஷயமில்லை. இனத்துக்குச் சிங்கப்பூர் செய்ததைச் சாதிக்கு நம் மாநிலம் செய்து பார்த்தது.

இந்த வரலாறுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். மலிவு வீடு தானாகச் சமத்துவம் தராது. அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். அந்த விதிக்கு ஒரு விலை உண்டென்றால், அதைப் பொதுப் பணத்திலிருந்து முதல் நாளே கொடுக்க வேண்டும், சிறுபான்மையினர் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. ஆகவே, தேர்தல் நேரத்தில் நம் சங்கத்துக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம், "வீடு கட்டுவீர்களா?" என்பதோடு நிறுத்தாமல், "மொழியையும் மதத்தையும் சாதியையும் காட்டி வீடு மறுப்பதைத் தடை செய்வீர்களா?" என்றும் கேட்போம்.

இன்னொரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் சேர்ந்து கட்டிய கூட்டுறவுக் குடியிருப்புகள் இந்த நகரத்திலும் இருக்கின்றன. வாடகைக்கு வீடு கேட்டு வரும் பீஹார்த் தொழிலாளியிடமும், முஸ்லிம் குடும்பத்திடமும், நம்மூர்த் தலித் பையனிடமும் நாம் என்ன கேட்கிறோம்? நமக்கு மறுத்தது அநியாயம் என்றால், நாம் மறுப்பதற்கும் வேறு பெயர் கிடையாது. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசலாமே.