லெம்பா பெர்த்தாமும் வேலைப் பெர்மிட்டும்

மண்ணைத் திருத்தியவன் அம்மண்ணில் தங்கலாமா என்பதை அவன் உழைப்பு முடிவு செய்வதில்லை; அவன் கையிலுள்ள தாளே முடிவு செய்கிறது. கேமரன் மலைத் தமிழர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஒராங் அஸ்லி மக்கள் வாழ்ந்த இம்மலைக்காட்டினை 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஆராய்ந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ரிங்லெட்டை அடுத்துள்ள பெர்த்தாம் ஆற்றுப் பள்ளத்தாக்கே லெம்பா பெர்த்தாம் எனப்படுவது. இம்மலைத் தோட்டங்களில் காடழித்துக் கன்று நட்டுக் கொழுந்து கொய்தவருள் தமிழர் பெரும் பங்கினர்.

அந்நாளில் மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளரிடம் எவரும் வேலை அனுமதி கேட்டதில்லை. கங்காணி ஊருக்குச் சென்று ஆள் திரட்டினார். முதலாளிகள் செலுத்திய தொகையால் 1907இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடை செய்யும் வரை இம்முறை நீடித்தது. குடும்பமாக வந்தவர் லயங்களில் வேரூன்றினர்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. முன்பே குடியேறியவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தங்கியிருந்த காலத்திற்குச் சான்று வேண்டும், மலாய்மொழியறிவு வேண்டும். எழுத்தறியாத பலர் விண்ணப்பியாது விட்டனர். என்றேனும் ஊர் திரும்புவோம் என்னும் எண்ணமும் சிலரைத் தடுத்தது.

அதன் விளைவு பின்னரே தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமகன் அல்லாதவர் பெர்மிட் இன்றி வேலை செய்தலாகாது என்றது. 1969இல் அது நடைமுறைக்கு வந்தபோது, நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவரும் அதற்கு உட்பட்டனர். நாடு முழுவதிலும் ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர் தாயகம் திரும்பினர் என்பர். பல்லாண்டு உழைத்தவர் ஒரே சட்டத்தால் தற்காலிகத் தொழிலாளர் ஆயினர். தந்தை அன்னியர், இங்குப் பிறந்த மகன் குடிமகன் எனக் குடும்பங்களும் பிளவுண்டன.

இன்று மலைத்தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டினர் தற்காலிக வேலை அனுமதியில் உழைக்கின்றனர். அவ்வனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தக்கது. குடும்பத்தை அழைத்துவர இடமளியாதது. அன்று தாளின்றி வந்த தமிழர் குடும்பமாக வேரூன்றினர். பின்னர்த் தாளில்லை என்பதால் அவருட் பலர் வேரறுக்கப்பட்டனர். இன்று வருபவரோ வேரூன்றாதிருத்தற்கென்றே தாள் பெற்று வருகின்றனர். கொழுந்து பறிக்கும் கை மட்டும் வேண்டும், அக்கைக்குரிய மனிதன் வேண்டா என்பதே இவ்விரு சட்டங்களின் உட்கிடை எனலாம்.

குடியுரிமைத் தாளின்றி நிற்கும் தமிழர் மலேசியாவில் இன்றும் உளர். எனவே பிறப்புப் பத்திரமும் பழைய அடையாளக் கார்டும் பெட்டியின் அடியில் மக்கிப் போகும் வெறுந்தாள்கள் அல்ல. நம் வரலாற்றின் மூலச் சான்றுகள். தமிழாசிரியர் அவற்றைப் படிக்கவும் பேணவும் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும். அதுவும் தமிழ்க் கல்வியே.