வட்டுக்கோட்டைச் செமினரி: இறையியல் கல்வி யாருக்காக?

தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் பேசும்போது சி.வை. தாமோதரம்பிள்ளையின் பெயரை நாம் தவறாமல் சொல்கிறோம். வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அவர், கிறிஸ்தவப் போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதற்காகத் தொடங்கப்பட்ட ஒரு கல்விச்சாலையில் பயின்றவர் என்பதை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அந்தக் கல்விச்சாலை 32 ஆண்டுகளே நடந்தது. பின்னர், அதை நடத்திய சங்கத்தாலேயே மூடப்பட்டது. ஏன் மூடப்பட்டது என்ற கேள்வி, இறையியல் கல்வியின் நோக்கம் என்ன என்ற கேள்வியோடு பிணைந்திருக்கிறது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையமொன்றைத் தொடங்கினர். தமிழையும் ஆங்கிலத்தையும் வடமொழியையும் அறிவியலையும் இறையியலையும் ஒருங்கே கற்பிக்கும் முழுமையான கல்லூரி ஒன்றே அவர்களது திட்டம். ஆனால் அமெரிக்கர் அத்தகைய கல்லூரி நடத்துவதை ஆங்கிலேய அரசு விரும்பாததால் அது ‘செமினரி’ என்ற பெயரிலேயே இயங்கியது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தனர். அமெரிக்காவில் உள்ள ஒருவர் ஒரு மாணவனின் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயர் அம்மாணவனுக்குச் சூட்டப்படும். கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய பெயர்கள் அவ்வழக்கத்தின் எச்சங்களே.

முதல் அதிபர் டானியல் பூவர் அறிவியலைச் சமயப் பரப்புக்கான கருவியாகக் கண்டார். 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறித்து அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் கணித்திருந்ததையும் தம் கணிப்பையும் ஒப்பிட்டுக் காட்டி, சாஸ்திரங்களின் மேலுள்ள நம்பிக்கையை அசைக்க முயன்றார். கிரகணக் கணக்குப் பிழைத்தால் சைவமும் பிழைத்துவிடும் என்பது அவரது எண்ணம். அவ்வாறு நடக்கவில்லை. மாணவர்கள் கணிதத்தை ஏற்றுக்கொண்டனர். சமயத்தை அதனின்றும் வேறாக வைத்துக்கொண்டனர்.

அவருக்குப்பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டனின் கதை இன்னும் சுவையானது. அவர் இந்துக்களின் வானியல் முறையை மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் நூலாக வெளியிட்டார். தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றையும் ஆங்கிலமாக்கினார். அவை 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. மறுப்பதற்காகக் கற்கத் தொடங்கிய ஒருவர், கற்றதைப் பிறர் அறியச் செய்வதிலேயே தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார். ஒரு சமயத்தின் போதகரை உருவாக்க முனையும் கல்வி, மற்றொரு சமயத்தை அறியாமல் நடைபெற முடியாது என்பதை வட்டுக்கோட்டை இவ்விதம் கண்டுகொண்டது.

1855இல் பாஸ்டனிலிருந்து சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்தார். அவரது வருகையையொட்டிச் செமினரி மூடப்பட்டது. ஆண்டர்சனைக் குறுகிய மனத்தவர் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. சுதேசத் திருச்சபை தன்னைத் தானே நிர்வகித்து, தன் செலவைத் தானே தாங்கி, தானே பரவ வேண்டும் என்று அந்நாளிலேயே வாதிட்டவர் அவர். அதற்கு வேண்டியவர்கள் கிராமத்து மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசும் போதகர்கள். ஆங்கிலக் கல்வியோ இளைஞர்களை அரசாங்க உத்தியோகத்திற்கு இட்டுச்சென்றது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. தாய்மொழிக் கல்வியை வேண்டி நிற்கும் நாம் அவரது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும் அதே தாய்மொழியின் பெயரால் மூடப்பட்டது, தமிழை ஆழமாகக் கற்பித்த ஒரு நிலையம். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அங்குப் பயின்றவர்கள். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வெளியிட்ட சதாசிவம்பிள்ளையும் அப்படியே. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் கறோல் விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும். இருவரையும் உருவாக்கிய செமினரி அதற்கு ஈராண்டுகள் முன்பே கதவடைத்திருந்தது. சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். தாமோதரம்பிள்ளை சைவத்திற்குத் திரும்பினார். மிஷன் கணக்கேட்டில் முன்னவர் வரவு, பின்னவர் இழப்பு. தமிழின் கணக்கில் இருவரும் வரவே.

ஊராரின் விருப்பத்தாலும் பழைய மாணவர்களின் முயற்சியாலும் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மொழி பற்றிய வினாவும் ஓய்ந்துவிடவில்லை. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியலைக் கற்பிக்க முற்பட்டது. அங்கு ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையையும் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வையும் இறையியலின் மூலப்பொருளாக்கினார். கிராமத்தான் மொழியில் பேசும் போதகர் வேண்டும் என்ற ஆண்டர்சனின் விருப்பம் இங்கே நிறைவேறியது எனலாம். ஆனால் கல்வியைச் சுருக்கியதால் அன்று, விரித்ததால்.

எத்தனை போதகர்கள் வெளிவந்தார்கள் என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வட்டுக்கோட்டை தோற்றதுதான். ஆனால், கலித்தொகையை இன்று அச்சில் புரட்டும் நமக்கு அந்த அளவுகோல் போதவில்லை.