ஃபோண்டா: கடல் கடந்து வந்த ஒரு சத்திரம்

பார்சிலோனாவின் லா ராம்ப்லா சாலையில் நடந்து, லிசேயு இசை அரங்கை ஒட்டித் திரும்பினால் சான்ட் பாவ் தெரு. அங்கே இருக்கிறது ஓட்டல் எஸ்பான்யா. 1859இல் தொடங்கிய விடுதி இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கீழ்த்தளத்தை மாற்றி அமைத்தவர் லூயிஸ் டொமெனெக் இ மொன்டானேர். பார்சிலோனாவின் புகழ்பெற்ற கத்தலான் இசை மாளிகையைக் கட்டியவரும் அவர்தான். ஒரு கூடத்தில் வெண்பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லில் சிற்பி எவுசெபி அர்னாவின் பெரிய கணப்படுப்பு நிற்கிறது. இன்னொரு கூடத்தின் சுவரெங்கும் கடற்கன்னிகளும் மீன்களும் நீந்துகிறார்கள். இவ்வளவு அலங்காரத்துக்கு நடுவே உள்ள உணவகத்தின் பெயர் ‘ஃபோண்டா எஸ்பான்யா’.

ஸ்பானியர்களுக்கு ஃபோண்டா என்றால் எளிய தங்குமிடம். விடுதிகளை அரசு தரம் பிரித்து வாசலில் நீலத் தகடு மாட்டிய காலத்தில், ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்து ஃபோண்டாவைக் குறித்தது. அது கடைசி வரிசைகளில் ஒன்று. அந்தச் சொல் இந்தக் கூடத்துக்கு எப்படி வந்தது என்று தேடினால், மத்தியதரைக் கடலைச் சுற்றியே வர வேண்டியிருக்கிறது.

மூலம் கிரேக்கம்: ‘பாந்தொகெயோன்’. ‘பான்’ என்றால் எல்லாம். மறுபாதி ஏற்றுக்கொள்வதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. வருகிற எவரையும் ஏற்கும் இடம் என்பது பொருள். லூக்கா நற்செய்தியில், அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது இந்த இடத்தில்தான். பழைய தமிழ் விவிலியம் அதைச் ‘சத்திரம்’ என்றது. அழகான தேர்வு, ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் தர்மம். சமாரியனோ இரண்டு தெனாரியம் முன்பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். கிரேக்கச் சத்திரம் காசுக்கு நடந்தது.

அரபியில் ‘ப’ ஒலி இல்லை. அதனால் சொல் ‘ஃபுந்துக்’ ஆயிற்று. சொல்லோடு கட்டடமும் வளர்ந்தது. நடுவே திறந்த முற்றம், கீழே சரக்கறைகளும் கழுதை குதிரை கட்டும் இடமும், மேலே சுற்றிலும் வணிகர் தங்கும் அறைகள், தெருவுக்கு ஒரே ஒரு பெரிய வாசல். கிரானடாவில் 14ஆம் நூற்றாண்டு ஃபுந்துக் ஒன்று இன்றும் நிற்கிறது. மரக்கரி வியாபாரிகள் தங்கிய காலத்தை வைத்து, இப்போது அதற்கு ‘கரி முற்றம்’ என்று பெயர்.

இந்தச் சொல்லின் பொருள் தலைகீழானது அலெக்சாந்திரியாவில். மலபார்க் கரையிலிருந்து செங்கடல் வழியாக வந்த மிளகை வாங்க வெனிஸ், ஜெனோவா, பீசா வணிகர்கள் அங்கே வந்தார்கள். ஒவ்வொரு ஊராருக்கும் தனி ஃபுந்துக். உள்ளே அவர்களுக்கென்று அடுப்பும் உண்டு, வழிபாட்டிடமும் உண்டு. ஆனால் இரவானதும் வாசலை வெளியிலிருந்து பூட்டினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்திலும் பூட்டுதான். சாவி நகரத்தார் கையில். எல்லோரையும் ஏற்பதாகச் சொன்ன பெயர், இன்னாரை மட்டும் இங்கே வை என்ற ஏற்பாட்டுக்கு உரியதாகிவிட்டது. காவலும் இதுதான், கட்டுப்பாடும் இதுதான்.

இந்த ஏற்பாட்டை அனுபவித்த வெனிஸ்காரர்கள் அதையே தங்கள் ஊருக்கும் கொண்டுபோனார்கள். ரியால்தோ பாலத்தருகே அவர்கள் ஜெர்மானிய வணிகருக்குக் கட்டியது ‘ஃபோந்தகோ தெய் தெதெஸ்கி’. வந்தவர்கள் அங்கேதான் தங்க வேண்டும், அரசு அமர்த்திய தரகர் வழியேதான் விற்க வேண்டும். 1505இல் அது எரிந்தபின் எழுப்பிய புதுக் கட்டடத்தின் வெளிச்சுவர்களில் ஜோர்ஜோனேயும் தித்தியானும் ஓவியம் தீட்டினார்கள். பின்னர் அது சுங்கச்சாவடி, அஞ்சலகம் என்று மாறி, 2016இல் ஆடம்பரப் பொருள் விற்கும் பேரங்காடியாகத் திறக்கப்பட்டது. நேப்பிள்ஸ் நகரிலோ இதே சொல் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இருண்ட முற்றங்களுக்குப் பெயரானது.

ஸ்பெயினில் சொல் இரண்டாகப் பிரிந்தது. அரபியின் ‘அல்’ ஒட்டிக்கொண்ட ‘அலோந்திகா’ தானியக் கிடங்காகவும் சந்தையாகவும் போயிற்று. ஒட்டாத ‘ஃபோண்டா’ விடுதியாக நின்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபோண்டா என்பது பழைய வண்டிப்பேட்டைகளைவிடக் கௌரவமான இடம். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து ‘ஓட்டல்’ வந்து உயர்ந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஃபோண்டா கீழே இறங்கியது. பார்சிலோனாவில் அது சாப்பாட்டுக் கடையாகவும் ஆயிற்று. ஆறு குவார்ட்டோ காசுக்கு வயிறு நிறையச் சோறு போட்ட கடைகளை ‘ஆறுகாசு ஃபோண்டா’ என்றே அழைத்தார்கள். தமிழ்நாட்டில் ஓட்டல் என்ற சொல்லுக்கும் இதேதான் நேர்ந்தது. ஐரோப்பாவில் படுக்கை தந்த சொல், இங்கே முதலில் இட்லியும் காபியும் தந்தது. பயணியின் பசி, சொல்லின் பொருளையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஓட்டல் எஸ்பான்யா தன் உணவகத்துக்கு இந்தப் பெயரை வைத்திருப்பது வெறும் அலங்காரமல்ல. சோறு போட்ட வீட்டின் பெயர் அது, பொருத்தமாகவே இருக்கிறது. கடலின் தென்கரையில், அலெக்சாந்திரியாவில், இப்படி ஒரு விளக்கத்துக்கே அவசியமில்லை. அங்கே அந்தச் சொல் கீழே இறங்கவே இல்லை. அந்நகரின் கடற்கரைச் சாலையில் 1929 முதல் நிற்கும் செசில் ஓட்டலுக்கும் அரபியில் இன்றும் பெயர் ஃபுந்துக்தான்.