கரியும் புகையும்: கொஸ்லந்த மலைச்சாரலின் அடுப்பு வரலாறு

தீயினால் உணவைப் பக்குவஞ் செய்யும் முறைகளுள் இரண்டு மிகப் பழையன. ஒன்று புகையில் வாட்டுதல். மற்றொன்று புகையடங்கிய தணலிற் சுடுதல். முன்னதற்குப் பச்சை விறகும் பொறுமையும் போதும். பின்னதற்குக் கரி வேண்டும். எப்பொருளுக்கு எத்தீ என்னும் தெரிவு, சமையற்கட்டோடு முடிந்துவிடும் சிறு விடயமாகத் தோன்றலாம். ஆயினும், ஊவா மலைநாட்டின் தென்விளிம்பிலே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தவைச் சூழ்ந்த மலைச்சாரலின் வரலாற்றை நோக்குமிடத்து, அத்தெரிவு எவருக்கு வாய்த்தது, எவருக்கு வாய்க்கவில்லை என்பது ஒரு சமூக வரலாறாகவே விரிகின்றது.

கொஸ்லந்த இருவேறு நிலங்கள் சந்திக்குமிடம். மேலே அப்புத்தளை, பூனாகலை முதலிய குளிர்ந்த மலைகள். கீழே, ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியைக் கடந்து வீதி இறங்குமாயின், வெல்லவாயப் பகுதியின் வறண்ட சமவெளி. மானும் மரையும் மலிந்திருந்த ஊவாவின் காடுகளில் வேட்டையாடிய வேடுவர், கம்புகளாற் பரண் கட்டி, அதன்கீழ்த் தீ மூட்டி இறைச்சியை உலர்த்தினர். உலர்ந்ததைத் தேனில் இட்டுவைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. கண்டி இராச்சியத்தில் நெடுங்காலம் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலிலே, மரப்பொந்தில் தேனும் இறைச்சியும் நிரப்பிக் களிமண்ணால் அடைத்துவைக்கும் அவர்தம் வழக்கத்தைக் குறித்துள்ளார். பரண்முறையின் சிறப்பு அதன் மெதுவான வெம்மையில் உள்ளது. கொழுந்துவிட்டெரியும் தீயில் இறைச்சியின் புறம் கருகும். அகம் ஈரமாகவே இருக்கும். தாழ்ந்த தீயோ ஈரத்தைச் சிறிது சிறிதாக வாங்குகின்றது. புகையிலுள்ள பீனோல் முதலிய சேர்வைகள் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன. மாறாக, சுட்டவுடன் உண்பதற்கு உரியது தணலே. பொருநராற்றுப்படை காட்டும் கரிகாலனது விருந்திலே, கம்பியிற் கோத்துச் சுட்ட ஊன் இடம்பெறுதல் தமிழ் மாணவர் அறிந்ததே.

இத்தகைய பரணுக்குக் கரிபியத் தீவுகளின் தாயினோ மக்கள் வழங்கிய பெயர் ஸ்பானியர் வாயிலாகப் பரவி, ஆங்கிலத்தில் ‘பார்பக்யூ’ ஆயிற்று. இன்று முற்றத்திலே கரியடுப்பு வைத்து இறைச்சி சுடுவதையே அச்சொல் குறிக்கின்றது. ஆனால் அது இலங்கை மலைநாட்டுக்கு வந்தபோது இறைச்சியோடு வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தோட்டத்துரைமார், கோப்பிக் கொட்டையை வெயிலில் உலர்த்தும் தளத்தையே ‘பார்பக்யூ’ என்று அழைத்தனர். அப்புத்தளைப் பகுதி அக்காலத்திற் பெயர்பெற்ற கோப்பி மாவட்டங்களுள் ஒன்று. கோப்பியை உலர்த்தப் பெரும்பாலும் கதிரவனே போதியவனாக இருந்தான். 1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தில் வந்த தேயிலையோ தீயின்றி ஆகாத பயிர்.

இங்கேயே கரியின் கதை தொடங்குகின்றது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்குத் தொடக்கத்தில் தொழிற்சாலை என்று ஒன்று இருக்கவில்லை. அவரது பங்களா விறாந்தையிலே மேசைமீது கொழுந்து கையால் உருட்டப்பட்டது. பின்னர்க் களிமண் அடுப்புகளில் கரித்தணல் இட்டு, அதன்மேற் கம்பித் தட்டுகளில் பரப்பி வாட்டப்பட்டது. இன்றைய முற்றத்துக் கரியடுப்பின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே: கீழே தணல், மேலே கம்பித் தட்டு, இடையே சூடான காற்று.

விறகு மலிந்த மலையிற் கரியைத் தேடியது ஏன்? தேயிலை மணங்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் இயல்பினது. சீனத்தின் பூஜியன் மாகாணத்து வூயி மலையிலே பைன் மரப்புகையில் வேண்டுமென்றே வாட்டப்படும் தேயிலை ஒன்று உண்டு. அதன் புகைமணத்தை விரும்பி அருந்துவோரும் உளர். ஏனைய சந்தைகளிலோ புகைநாற்றம் குற்றமாகவே கொள்ளப்பட்டது. விறகைக் காற்றுப் புகாமல் மூட்டம் போடும்போது, புகையாகக்கூடிய பொருள்கள் யாவும் முன்னரே வெளியேறிவிடுகின்றன. எஞ்சும் கரி, புகையின்றிச் சீரான வெம்மை தருகின்றது. ஆயின் மண்மூட்டத்தில் ஐந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைப்பதே பெரிது. தேயிலைப் பரப்பு விரிய விரிய, இம்முறை காட்டையே விழுங்கக்கூடியதாயிற்று.

இச்சிக்கலை அவிழ்த்தவர் சாமுவேல் டேவிட்சன் என்னும் அயர்லாந்துக்காரர். அசாமின் கச்சார்ப் பகுதியிற் தேயிலைத் தொழில் பயின்ற அவர், 1870களில் ஓர் உலர்த்தும் பொறியை அமைத்தார். சகாராவின் வெப்பக்காற்றின் பெயரால் அது ‘சிறொக்கோ’ எனப்பட்டது. அதிலே நெருப்பும் கொழுந்தும் சந்திப்பதில்லை. உலை எரியும்; உலையாற் சூடேறிய தூய காற்று மட்டும் கொழுந்தினூடே செல்லும்; புகை தனியே புகைபோக்கி வழியாக வெளியேறும். இனிக் கரி வேண்டியதில்லை. எந்த விறகும் போதும். தோமஸ் லிப்டன் 1890 இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கியபோது, இலங்கையின் தேயிலை பொறிகளின் யுகத்துள் நுழைந்துவிட்டிருந்தது. ஆக, தேயிலையைப் புகையிலிருந்து காக்கும் உபாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே கைவந்துவிட்டது.

அத்தேயிலையைக் கொய்தவளின் அடுப்பு எவ்வாறு இருந்தது? திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் வறண்ட சமவெளியின் மக்கள். அங்கே வீட்டுமுற்றத்திலோ திறந்த தாழ்வாரத்திலோ அடுப்பு மூட்டுவது இயல்பு. புகை வானத்துக்குப் போய்விடும். மலையிலோ குளிரும் மழையும் அடுப்பை உள்ளே தள்ளின. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை ஊவாச் சாரலை நனைக்கும். லயத்துக் காம்பரா பல தோட்டங்களில் 10 அடிக்கு 12 அடி; முன்னே ஓர் இஸ்தோப்பு. அடுப்பு அவ்விரண்டில் ஒன்றிலேதான் இருந்தாக வேண்டும். சமைக்கவும், குளிர்காயவும், நனைந்த கம்பளியை உலர்த்தவும் அந்த ஓர் அடுப்பே துணை.

விறகோ பெரும்பாலும் கவ்வாத்து மிலாறு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடி வெட்டப்படும்போது கிடைக்கும் அம்மிலாற்றைக் கட்டாகக் கட்டித் தலையிற் சுமந்து வருவர். அதை மலையிலேயே விட்டால் மண்ணுக்கு உரமாகும் என்பது வேளாண் அறிஞர் கொள்கை. மண்ணின் பசியும் அடுப்பின் பசியும் மோதும் இடம் அது. ஈர மிலாறு எரிவதிலும் புகைவதே மிகுதி. அடுப்பின்மேற் பரண் கட்டி, நாளைய விறகை இன்றைய புகையிற் காயவைத்தல் அனுபவம் கற்பித்த வழி. அதே புகை சுவரையும் கூரைத் தகரத்தையும் கருக்கியது. ஊதுகுழலை ஏந்திய பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் வாட்டியது. வீட்டுப்புகையினால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தொழிற்சாலைக்குப் புகைபோக்கி அமைத்த அறிவு லயத்துக்கு எட்டாத அறிவன்று. தேயிலையிற் புகை பட்டால் ஏலத்தில் விலை குறையும். கொய்பவளின் நெஞ்சிற் புகை பட்டால் எந்த ஏட்டிலும் நட்டம் எழுதப்படவில்லை. வேறு விளக்கம் இதற்குக் காண்பது அரிது.

அவ்வாறாயின் லயத்தார் கரியையாவது தெரிந்துகொண்டிருக்கலாமே எனின், அதுவும் எளிதன்று. கரி விலைப்பொருள், மிலாறு தலைச்சுமை. அன்றியும், கரித்தணல் புகையற்றதேயன்றித் தீங்கற்றதன்று. அடைத்த அறையிலே அது வெளியிடும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்தும் குடும்பத்தையே உறக்கத்திற் கொல்ல வல்லது. முற்றத்துக்கு உகந்த கரியடுப்பு காம்பராவுக்கு உகந்ததன்று.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1980களின் பிற்பகுதியில் இலங்கையிற் பரவிய ‘அனகி’ என்னும் இருவாய்க் களிமண் அடுப்பு விறகைச் சிக்கனப்படுத்தியது. ஆயினும் புகையை வெளியேற்றப் புகைபோக்கி அதற்கு இல்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களுக்கென மாக்கல்தெனியவில் 75 தனி வீடுகள் கட்டப்பட்டு 2016 இற் கையளிக்கப்பட்டன. ஒரே கூரையின்கீழ் ஒருவர் புகை மற்றவர் காம்பராவுட் புகும் நிலை அங்கே இல்லை. எரிவாயு அடுப்பும் மலையகக் குடும்பங்கள் பலவற்றுக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காதபோது நகரத்தார் விறகு தேடித் திண்டாடினர். தோட்டத்தார்க்கு அத்திண்டாட்டம் அவ்வளவாக இல்லை. கவ்வாத்து மலைக்குச் செல்லும் வழி அவர்களுக்கு மறந்திருக்கவில்லை.