ஆபீஸ் சர்வர் போனால் ஃபைலும் போச்சா? குறைந்த செலவில் இன்னொரு நகல் வைப்பது எப்படி?

2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஓவிஹெச்கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று முழுவதும் எரிந்து நாசமானது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பல வாடிக்கையாளர்களின் டேட்டா திரும்பி வரவே இல்லை. பேக்கப் வைத்திருந்தவர்களில் சிலரும் தப்பவில்லை. காரணம், அவர்களுடைய பேக்கப்பும் அதே இடத்தில்தான் இருந்தது.

பெரிய டேட்டா சென்டருக்கே இந்தக் கதி. மேஜைக்கு அடியில் ஒரே ஒரு சர்வரை வைத்து வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ்கள் என்ன செய்வது? லட்சக்கணக்கில் செலவு செய்யாமல் இதற்கு வழி இருக்கிறது.

ரெப்ளிகேஷன் என்றால் என்ன?

ஒரு சர்வரில் ஃபைல் மாறினால், வேறு இடத்தில் இருக்கும் இன்னொரு சர்வரிலும் அதே மாற்றம் தானாகப் பதிவாவதுதான் ரெப்ளிகேஷன். ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்து வேலையைத் தொடரலாம்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். எத்தனை மணி நேர வேலை போனால் தாங்க முடியும்? எத்தனை மணி நேரத்தில் ஆபீஸ் மறுபடி இயங்கியாக வேண்டும்? 'ஒருநாள் வேலை போனா பரவாயில்லை' என்றால், இரவில் ஒருமுறை காப்பி செய்தாலே போதும். செலவும் பெரிதாகக் குறையும்.

என்னென்ன வழிகள்?

லினக்ஸ் சர்வர் என்றால் ஆர்சிங்க். 1996-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. பெரிய ஃபைலில் சின்ன மாற்றம் என்றால், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். இன்டர்நெட் மெதுவாக இருக்கும் இடங்களுக்கு ஏற்றது.

விண்டோஸ் என்றால் ரோபோகாப்பி. விண்டோஸுடனே வருகிறது, தனியாகக் காசு கிடையாது. டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துவிட்டால் தானாக ஓடும். ஆனால் ஃபைலில் ஒரு வரி மாறினாலும் முழு ஃபைலையும் மறுபடி அனுப்பும்.

இரண்டு ஆபீஸிலும் விண்டோஸ் சர்வரும் ஆக்டிவ் டைரக்டரியும் இருந்தால், அதிலேயே டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் வசதி இருக்கிறது. இதுவும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். ஆனால் திறந்திருக்கும் ஃபைலை மூடும் வரை தொடாது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் கலந்திருந்தால் சிங்க்திங் என்ற இலவச மென்பொருள் உதவும்.

இரண்டாவது சர்வர் புதிதாக வாங்க வேண்டுமா? அவசியமில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கம்ப்யூட்டரும் புது ஹார்ட் டிஸ்கும் போதும். ஆனால் அது வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டையும் வைத்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

இன்டர்நெட் வேகம் போதுமா?

ஒரு கணக்கு. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். 20 ஜிபி அனுப்ப சுமார் நாலரை மணி நேரம் ஆகும். இரவுக்குள் முடிந்துவிடும். ஆனால் 500 ஜிபி என்றால் நாலரை நாளுக்கு மேல் இழுக்கும். அதனால் முதல் நகலை ஹார்ட் டிஸ்கில் எடுத்து நேரில் கொண்டுபோய்ப் போடுங்கள். அதன் பிறகு தினசரி மாற்றங்கள் மட்டும் இன்டர்நெட்டில் போகட்டும். இரண்டு இடங்களுக்கு நடுவே விபிஎன் கட்டாயம்.

பெரிய ஆபத்து எது?

ரெப்ளிகேஷனுக்கு நல்லது கெட்டது தெரியாது. இங்கே ஒருவர் தவறுதலாக ஃபோல்டரை டெலிட் செய்தால் அங்கேயும் டெலிட் ஆகிடும். ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்தான் அங்கேயும் போய்ச் சேரும். ரோபோகாப்பியின் 'மிரர்' முறையில் கூடுதல் கவனம் தேவை. தவறிப்போய்க் காலி ஃபோல்டரைக் காட்டினால், எதிர்ப்பக்கத்து ஃபைல்கள் மொத்தமும் அழிந்துவிடும்.

இதற்கு இரண்டு தற்காப்பு உண்டு. ஒன்று, இரண்டாவது சர்வரில் பழைய தேதி நகல்களையும் சேர்த்து வையுங்கள். ஆர்சிங்க், சிங்க்திங் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. இரண்டு, முதல் சர்வர் அனுப்புவதற்குப் பதிலாக, இரண்டாவது சர்வரே வந்து எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். அப்போது முதல் சர்வரில் புகுந்த வைரஸுக்கு இரண்டாவது சர்வரின் பாஸ்வேர்டு கிடைக்காது.

அக்கவுண்ட்ஸ், பில்லிங் போன்ற டேட்டாபேஸ் ஃபைல்களை ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி செய்தால், அரைகுறையாகப் பதிவாக வாய்ப்புண்டு. அந்த மென்பொருளிலேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் ஃபைலை அனுப்புவதே பாதுகாப்பு.

சோதித்துப் பார்த்தீர்களா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு ஊழியர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப், ரெப்ளிகேஷன் என ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த வேறொரு நகல்தான் கடைசியில் காப்பாற்றியது.

மாதம் ஒருமுறை இரண்டாவது சர்வரில் இருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, முதல் சர்வரை அணைத்துவிட்டு ஒருநாள் வேலை ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் இதைச் செய்யாவிட்டால், மற்ற செலவு எல்லாம் வீண்தான்.